வாதத்தில் வென்றவர் ஏன் பக்தாதை விட்டுப் போனார்?

1095ஆம் ஆண்டு ஜூலை மாதம். பக்தாத் நிஸாமிய்யா கல்லூரியில் பாடம் நடத்த வந்த இமாம் கஸ்ஸாலிக்கு நா எழவில்லை. உணவும் இறங்கவில்லை. உள்ளத்தில் தொடங்கி உடலைப் பிடித்த நோய் இது என்று வைத்தியர்கள் கைவிரித்தனர். அவருக்கு இன்னும் 40 வயதுகூட ஆகியிருக்கவில்லை.

இன்றைய ஈரானிலுள்ள தூஸ் அவரது ஊர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். நைஸாபூரில் இமாம் ஜுவைனியிடம் கற்றார். 1091இல் செல்ஜுக் அரசின் அமைச்சர் நிஸாமுல் முல்க் அவரை பக்தாதில் பதவியில் அமர்த்தினார்.

உலகுக்குத் தொடக்கம் உண்டா என்பது அக்காலத்தின் பெரும் சர்ச்சை. உலகம் இறைவனிலிருந்தே வருகிறது, ஆனால் அதற்குத் தொடக்கம் இல்லை என்றார் இப்னு சீனா. கஸ்ஸாலி அதை மறுத்தார். தோன்றிய எதற்கும் ஒரு காரணம் வேண்டும், உலகம் தோன்றியது, ஆகவே உலகுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதே அவரது வாதம்.

உலகம் தோன்றியதுதான் என்று காட்ட அவர் வானத்தைத் துணைக்கு அழைத்தார். அக்கால வானியலின்படி சூரியன் ஆண்டுக்கு ஒரு முறையும் சனி 30 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சுற்றி வருகின்றன. காலத்துக்குத் தொடக்கமே இல்லையென்றால் இரண்டின் சுற்றுகளும் எண்ணற்றவை. அப்படியிருக்க, ஒன்று மற்றதைவிட 30 மடங்கு அதிகமாவது எப்படி? பின்னர் இப்னு ருஷ்து இதற்கு மறுப்பு எழுதினார். முடிவிலி பற்றிய நவீன கணிதமும் வேறு விடை தந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

மெய்யியலாளர்களை மறுத்த அந்த நூலை முடித்த அதே ஆண்டில்தான் அவர் பேச்சிழந்தார். வாதம் பிழைத்துவிட்டதே என்ற கவலை அல்ல அது. தான் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தன்னையே கேட்டபோது கிடைத்த பதில்தான் அவரை வீழ்த்தியது.

நவம்பரில், குடும்பத்துக்குத் தேவையானதை வைத்துவிட்டு மிகுந்த செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டமஸ்கஸ் சென்றார். அங்கே பள்ளிவாசல் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருந்தார். பிறகு ஜெருசலேமுக்கும் மக்காவுக்கும் போனார். அவரது பெருநூலான இஹ்யா உலூமுத்தீன் இந்த ஒதுங்கிய ஆண்டுகளின் விளைச்சல்.

1106இல் ஆட்சியாளரின் வற்புறுத்தலால் நைஸாபூரில் மீண்டும் கற்பித்தார். 1111இல் சொந்த ஊரான தூஸில் காலமானார். இறைவன் உண்டென்ற தன் வாதத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை. ஆனால் வாதத்தில் வெல்வது மட்டும் மனிதனைத் திருத்திவிடாது என்பதை அவர் பக்தாதிலேயே கண்டுகொண்டார்.