மக்கள் மொழியை நாடிய சவேரியார்

மலாக்காவின் செயின்ட் பால் குன்றில், கூரையற்ற பழைய தேவாலயத்தின் முன் ஒரு வெண்சிலை நிற்கிறது. அது பிரான்சிஸ் சவேரியாரின் சிலை.

1506-ஆம் ஆண்டு, இன்றைய ஸ்பெயினில் உள்ள நவாரில் பிறந்த அவர், 1542-இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழகத்தின் முத்துக்குளித்துறை மீனவர்களிடையே பணியாற்றச் சென்றபோது அவருக்குத் தமிழ் தெரியாது. எனினும், அவர் மனம் தளரவில்லை. இருமொழி அறிந்தவர்களின் துணையுடன், விவிலியத்தில் உள்ள இயேசுவின் செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களை அழைத்துக் கற்பித்தார். அவர்கள் வீட்டில் பெற்றோருக்குக் கற்பித்தனர்.

1545-இல் மலாக்காவுக்கு வந்தபோதும் அவர் அதே வழியைப் பின்பற்றினார். செபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்தார்.

1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் காலமானார். மறு ஆண்டு அவரது உடல் மலாக்காக் குன்றின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

சவரிமுத்து, சவரியம்மாள் ஆகிய பெயர்கள் அவர் பெயரிலிருந்து தோன்றியவை. தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த தமிழர்களோடு இத்தகைய பெயர்களும் கடல் கடந்தன. அயல்நாட்டவர் ஒருவரின் பெயர் தமிழ்ப் பெயராகவே மாறியதற்கு, அவர் மக்களின் மொழியை நாடிச் சென்றதும் ஒரு காரணமாகும்.