ஆனந்த குமாரசுவாமி கண்ட இரண்டு சிதைவுகள்

கலை அறிஞராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர், முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிம அளவைப் பணிப்பாளராக இருந்தபோது, 1904இல் பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கறுப்புக் கனிமம் ஒன்றை ஆய்வுக்காக லண்டனுக்கு அனுப்பினார். தோரியம் செறிந்த அந்தப் புதிய கனிமம் தோரியனைட் என்று பெயர் பெற்றது. அதிலிருந்தே 1905இல் ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார்.

தோரியம் கதிர்வீசிப் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயமாகிறது. அதில் பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். ரேடியோதோரியத்துக்கு இரண்டு ஆண்டுகளும் வேண்டாம்.

மலைநாடெங்கும் அலைந்தவர் இன்னொரு சிதைவையும் கண்டார். 1848 மாத்தளைக் கிளர்ச்சியில் அலுவிகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிந்திருந்தன. குடியேற்ற ஆட்சியில் கண்டிக் கைவினைகளும் மறைந்துகொண்டிருந்தன. தமிழ்த் தந்தையின் மகனான அவர், அந்தச் சிங்களக் கைவினைகளை 1908இல் நூலாகப் பதிவுசெய்தார். 1947இல் அமெரிக்காவில் காலமானார்.

நூலகம் எரியக் கண்ட நமக்கு அந்தப் பதிவின் பெறுமதி விளங்கும்.