மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு என்னும் பழம்பதி ஒன்று உண்டு. கூத்தப்பெருமான் ஆடிய ஐந்து அவைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்பெறுவது அவ்வூர்த் திருக்கோயில். அவ்வூரைப் பாடிய காரைக்காலம்மையார், தம் பதிகத்தில் ஏழிசையின் பெயர்களோடு மத்தளம், தமருகம், குடமுழா முதலிய கருவிகளின் பெயர்களையும் அடுக்கிக் கூறியுள்ளார். ஆடல்வல்லானின் கூத்திற்கும் முழவொலி இன்றியமையாததாக இருந்தது என்பது இதனால் விளங்கும். பண் ஒரு மாளிகையாயின், முழவின் தாழ்ந்த ஒலியே அதன் அடித்தளமாகும். அடித்தளம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் அஃதின்றேல் மாளிகை நில்லாது. அத்தகைய தாழ்ந்த ஒலியைக் கேட்டோர் நெஞ்சில் நீங்காது நிலைபெறச் செய்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம். அவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆவார்.

அவர்தம் பெருமையை உணர வேண்டுமாயின், மிருதங்கத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மிருதங்கம் பலா மரத்தைக் குடைந்து, இரு புறமும் தோல் போர்த்துச் செய்யப்படுவது. வலப்புற முகத்தை வலந்தலை என்பர். அதன் நடுவே கரணை எனப்படும் கருநிறப் பூச்சு அமைந்திருக்கும். பாடுவோரின் சுருதிக்கு இணங்கக் கூட்டப்பெறுவது இம்முகமே. இடப்புற முகத்தைத் தொப்பி என்பர். வாசிக்கத் தொடங்குமுன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து இதன் நடுவே அப்புவர். கச்சேரி முடிந்தபின் அதனை எடுத்துவிடுவர். அந்த ரவையின் கனத்தாலேயே தொப்பியில் ஆழ்ந்த ஒலி பிறக்கின்றது. தொப்பியைத் தட்டி, மணிக்கட்டை அடுத்த உள்ளங்கைப் பகுதியால் தோலை அழுத்தி நகர்த்தினால், ஒலி வளைந்து குழைந்து எழும். இதற்குக் கும்கி என்று பெயர்.

வலந்தலையின் சொற்கட்டுகள் விரைவும் தெளிவும் உடையன. ஆதலின் கேட்போரின் கருத்து முதலில் அவற்றின்மேற் செல்லும். பயில்வோரும் அவற்றையே விரும்பி உழைப்பர். தொப்பிக்கு உரிய கையோ பெரும்பாலோர்க்குப் பழக்கம் குறைந்த கையாகும். அதனால் அது பல காலம் துணைக் கையாகவே நின்றுவிடுவதும் உண்டு. அந்தத் துணைக் கைக்கு முதன்மை தந்தவர்களுள் சிறந்தவர் நம் சுப்பிரமணிய பிள்ளை.

அவர் 1908-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தையார் பழனி முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் மாணவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்திய லய மேதை அந்த மாமுண்டியா பிள்ளையே. ஆகவே தாளக் கணக்கில் தலைசிறந்த புதுக்கோட்டை மரபு, சுப்பிரமணிய பிள்ளைக்குத் தந்தையார் வழியாகவே வந்து எய்தியது.

ஆயின், இளமையிலேயே ஓர் இடையூறும் உடன் வந்தது. அவர் இயற்கையாகவே இடக்கைப் பழக்கம் உடையவர். ஏனையோர் வலக்கையால் வாசிக்கும் வலந்தலையை அவர் இடக்கையால் வாசித்தார். தொப்பியை வலக்கையால் வாசித்தார். நற்செயல் எதனையும் வலக்கையாலேயே தொடங்க வேண்டும் என்று கருதிய காலம் அது. வீட்டிலும் வெளியிலும் இடக்கைப் பிள்ளைகளைக் கண்டித்துத் திருத்த முயல்வது வழக்கமாக இருந்தது.

மேடையிலும் அப்பழக்கம் பெருந்தடையாயிற்று. கருநாடக இசைக் கச்சேரியில் பாடுவோரின் வலப்புறம் மிருதங்கக்காரரும் இடப்புறம் பிடில் வாசிப்பவரும் அமர்வது மரபு. அங்ஙனம் அமர்ந்தால்தான் வலந்தலை அவையோரை நோக்கி இருக்கும். இடக்கைக்காரர் அவ்விடத்தில் அமர்ந்தாலோ, வலந்தலை அவையோர்க்கு மறுபுறமாகத் திரும்பிவிடும். ஆதலின் அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். பிடில் வாசிப்பவர் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குப் பலர் உடன்படவில்லை. கலைத்திறம் நிரம்பியிருந்தும், உட்கார இடமின்மையால் வாய்ப்பிழக்கும் நிலை அவருக்கு நேர்ந்தது. திறமை இல்லை என்று ஒருவரை விலக்கினால் அவர் மேலும் பயின்று மீளலாம். பிறவியால் அமைந்த இயல்புக்காக விலக்கினால் அவர் என் செய்வார்?

அந்நிலையில் அவருக்குத் துணைநின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இளங்கலைஞரைத் தூக்கிவிடுவதில் தளராத உள்ளம் படைத்தவர் அப்பெரியார். கை எதுவாயினும் நாதமே பெரிது எனக் கருதி, பிறர் கூறிய தடைகளைப் பொருட்படுத்தாது, சுப்பிரமணிய பிள்ளையைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்து வாசிக்கச் செய்தார். அடைத்த கதவு திறந்தது. மரபில் வல்ல ஒருவரே மரபில் சிறிது இடம்விட்டுக் கொடுத்தமையால், அதே மரபிற்குப் பெருஞ்செல்வம் ஒன்று கிடைத்தது.

சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பில் ஆரவாரம் இல்லை. பாட்டின் போக்கினை அறிந்து, எங்கு ஒலிக்க வேண்டுமோ அங்கு ஒலித்து, எங்கு அடங்க வேண்டுமோ அங்கு அடங்கும். அவருடைய தொப்பியில் எழுந்த கும்கி, பாடகரின் குரலோடு தானும் சேர்ந்து பாடுவது போன்றிருக்கும். தனியாவர்த்தனத்தில் அரிய கணக்குகளை வாசிக்கும்போதும் அந்த இனிமை குன்றுவதில்லை. கணக்கு அறிவிற்கு விருந்தாயிற்று. நாதம் நெஞ்சிற்கு விருந்தாயிற்று. கஞ்சிரா வாசிப்பிலும் அவர் வல்லவர். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளுள் ஒருவராக இசையுலகம் அவரைப் போற்றியது.

அவர் 1962-ஆம் ஆண்டு மறைந்தார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம், மிருதங்க வித்துவான் ஒருவருக்கு முதன்முதலாக 1966-ஆம் ஆண்டில்தான் வழங்கப்பெற்றது. அதனைப் பெற்றவர் மணி ஐயர். அந்நாளைக் காணச் சுப்பிரமணிய பிள்ளை உயிரோடு இல்லை.

எனினும் பட்டத்தினும் நிலைத்த சிறப்பு அவருக்கு வாய்த்தது. அவருடைய மாணவரும், நாட்டியக் கலையரசி பாலசரசுவதியின் உடன்பிறந்தாருமான த. ரங்கநாதன், அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். மற்றொரு மாணவர் திருச்சி சங்கரன், 1971-ஆம் ஆண்டு முதல் கனடா நாட்டு யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஆற்றினார். ஒருகாலத்தில் மேடையில் அமர இடம் பெறாத கையின் பாடம், கடல் கடந்து கல்விக்கூடங்களில் இடம்பெற்றது.

மேனாட்டு இசைக்குழுக்களில் பேஸ் கித்தார் என்னும் கருவி தாழ்ந்த ஒலியைத் தருவது. அதனைப் பயிலும் இளைஞர்கள், வல்லுநர் வாசித்த தாழ்சுர வரிசை ஒன்றினைக் கேட்டு மயங்கி, அதனைத் தாமும் வாசித்துவிட வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயல்வர். அங்ஙனமே இந்நாட்டில் மிருதங்கம் பயில்வோர், சுப்பிரமணிய பிள்ளையின் இசைப்பதிவுகளைக் கேட்டு, அந்தக் கும்கியைத் தம் கையில் வருவிக்க முயல்கின்றனர். அவர் வலக்கையால் எழுப்பிய நாதத்தை வலக்கைப் பழக்கமுடையோர் தம் இடக்கையால் எழுப்ப வேண்டியுள்ளது. பழக்கம் குறைந்த தம் கையையும் அவரைப் போலவே உழைக்கப் பழக்கினாலன்றி அது கைகூடாது.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் இடக்கையால் எழுதும் தோழர் இருக்கலாம். அவர் வலக்கையால் எழுதும் ஒருவர்க்கு அருகில் அமர்ந்தால் இருவர் முழங்கைகளும் இடித்துக்கொள்ளும். அப்போது அவரைக் கண்டு நகையாதீர்கள். சற்றே நகர்ந்து அவருக்கு இடம் கொடுங்கள். செம்பை பாகவதர் செய்ததும் அதுவே. அச்சிறு செயலால் நாடு பெற்ற பயன் பெரிது.