செடியின் நரம்பைத் தேடியவர்

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியின் வயல்வெளிகளில் நடக்கும் சிறுவர்கள், தொட்டாற்சுருங்கியைக் கண்டால் விரல் நீட்டாமல் கடப்பதில்லை. தொடுவது ஒரு சிற்றிலையை. சுருங்குவதோ வரிசையாகப் பல இலைகள். தொடுதலின் செய்தியை அடுத்த இலைக்குக் கொண்டுசெல்வது எது? விளையாட்டினுள் மறைந்திருந்த இவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்வின் பிற்பகுதியை ஈந்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தை ஆங்கில அரசின் அலுவலர். எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். உழவர், மீனவர் பிள்ளைகளோடு அமர்ந்து பயின்ற போஸின் உள்ளத்தில் இயற்கை மீதான ஆர்வம் அங்கேயே வேரூன்றியது. கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றுத் திரும்பியவர், 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஆங்கிலேயருக்கு வழங்கியதைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு அளிக்கப்பட்டது. அதனைத் தொட மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். இறுதியில் அரசு இணங்கி, நிலுவையுடன் முழு ஊதியத்தையும் வழங்கியது.

முதலில் அவர் ஆராய்ந்தவை ஒளியின் இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலைகள். கலீனா என்னும் கனிமத்தைக் கொண்டு அவர் அமைத்த உணர்கருவி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் உணர்ந்தது. 1904இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தொடர்ந்து தூண்டப்பட்ட உணர்கருவிகள் சோர்வதையும் ஓய்வுக்குப்பின் மீள்வதையும் கண்ட அவர் எண்ணம் உயிருள்ள செடியை நோக்கித் திரும்பியது.

1901இல் இலண்டனில் அவர் தம் முடிவுகளை விளக்கியபோது, உடலியல் அறிஞர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். போஸ் சொல்லால் போரிடவில்லை, கருவிகளால் விடையளித்தார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் பதிவியையும், வளர்ச்சியைப் பன்னாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியையும் இந்தியக் கைவினைஞர்களைக் கொண்டே உருவாக்கினார்.

அவர் கண்ட ஓர் உண்மை சிந்திக்கத்தக்கது. கண்ணாடிக் கூண்டுக்குள் எத்தாக்கமும் படாமல் வளர்ந்த செடி பொலிவுடன் தோன்றினும், தூண்டலைக் கடத்தும் ஆற்றலை இழந்திருந்தது. அடுத்தடுத்துத் தூண்டியபோது, அடைபட்ட வழி திறந்து அவ்வாற்றல் மீண்டது. தூண்டலுக்கு அளவும் உண்டு என்பதைக் கண்டார். மென்மையான தூண்டல் வளர்ச்சியை விரைவுபடுத்தியது, வலியது அதனைத் தடுத்தது.

விலங்குகளுக்குரிய நரம்பணுக்கள் செடிகளில் இல்லை என்பதே இன்றைய அறிவியலின் முடிவு. ஆயினும் செடியினுள் மின்துடிப்பு செல்வது ஐயமற்றது. ஒருசெல் பச்சைப்பாசியிலிருந்து பெற்ற ஒளியுணர் புரதத்தை நரம்பணுவில் புகுத்தி, ஒளியால் அதனை இயக்கும் முறை 2005இல் வெளிவந்தது. இம்முறையால் பார்வையிழந்த ஒருவர் ஓரளவு பார்வை பெற்றது 2021இல் அறிவிக்கப்பட்டது. சிவப்பொளியும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியும் செல்லின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகின்றன. சிதைந்த நரம்பிழைகள் மீண்டும் வளர அவை துணைபுரிவதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கும் அளவே முதன்மையானது. குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் தடை. மனிதர்க்கு இது உறுதியான மருத்துவமாக மாறுவதற்கு இன்னும் பல ஆய்வுகள் தேவை.

தம் பிறந்தநாளன்று, 1917இல், போஸ் கல்கத்தாவில் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1920இல் இலண்டன் அரசுக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் மறைந்தார். உயிர்களை வகைபிரிக்கும் வேலிகளைக் கடந்து அவர் எழுப்பிய வினா, செடியிலிருந்து மனித நரம்பு வரை இன்றும் நீள்கிறது. வயலோரத்தில் சுருங்கிய இலை மெல்ல விரிவதைக் காணும்போது, அவ்வினாவின் தொடக்கத்தை நாமும் காண்கிறோம்.