என்.எம். பெரேரா: கூப்பன் அரிசிக்காகப் போராடியவர், கூப்பன் அரிசியை வெட்டியவர்

மின்கட்டணம் கூடினால் எங்கள் வீடுகளில் முதலில் குறைவது மீன். வற் வரி 18 சதவீதமானபோது பால்மாவும் குறைந்தது. அதற்கும் மேல் போனால் பிள்ளையின் ரியூசன் காசில் கைவைக்க வேண்டிவரும். அரசாங்கத்தின் வருமானமும் செலவும் பற்றிய பேச்சுக்கள் கொழும்பில் பெரிய பெரிய சொற்களில் நடக்கும். வன்னியில் அவை சட்டி பானைக்குள் வந்துதான் முடியும். 2022க்குப் பிறகு இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்தக் கதை 2022இல் தொடங்கியதும் அல்ல. அரசாங்கத்தின் கையில் காசு குறைந்தபோதெல்லாம் இந்த நாட்டின் அடுப்பங்கரைகளில் என்ன நடந்தது என்று பார்க்க விரும்பினால், நான் கலாநிதி என்.எம். பெரேராவின் வாழ்க்கையைத்தான் எடுத்துப் பார்ப்பேன். அரிசி மானியம் வெட்டப்பட்டபோது வீதியில் இறங்கிய கட்சியின் தலைவர் அவர். இருபது வருடங்கள் கழித்து நிதியமைச்சராக இருந்து அதே மானியத்தை வெட்டியவரும் அவர்.

1905ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர் என்.எம். லண்டன் பொருளியல் கல்லூரியில் ஹரோல்ட் லஸ்கியிடம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவர் திரும்பிவந்த காலம் உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். இறப்பர் விலை விழுந்திருந்தது. தோட்டங்களில் வேலை இல்லை. வரட்சி வேறு. 1934இன் கடைசியில் மலேரியா பரவத் தொடங்கியபோது, சாப்பாடில்லாமல் ஏற்கனவே நலிந்துபோயிருந்த உடம்புகளைத்தான் அது முதலில் பிடித்தது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்தோடு பருப்பையும் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர்களில் அவரும் ஒருவர். மருந்து மட்டும் போதாது, வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும் என்பது அங்கேதான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அந்தச் சனங்கள் அவருக்குப் பருப்பு மாத்தையா என்று பெயர் வைத்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. அடுத்த வருடமே ருவன்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

பிறகு வந்த பத்து வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தத் தொழிலாளர்களின் பக்கம் நின்றது சமசமாஜக் கட்சி. அதே வருடம் என்.எம். கைது செய்யப்பட்டார். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனார். அங்கே பம்பாயில் பிடிபட்டு மறுபடியும் சிறை. 1947இல் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் 1948இல் வந்தபோது அவரும் அவருடைய தோழர்களும் எதிர்த்தார்கள். இதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

1953க்கு வருவோம். கொரிய யுத்தம் நடந்த காலத்தில் இறப்பருக்கு நல்ல விலை இருந்தது. அரசாங்கமும் தாராளமாகச் செலவழித்தது. இறப்பர் விலை விழுந்தது, இறக்குமதி அரிசியின் விலை ஏறியது, வெளிநாட்டுச் செலாவணி கரைந்தது. ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே கிடைக்கும் என்று சொல்லித்தான் 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வென்றிருந்தது. ஒரு வருடம் போனதும் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன அதை 70 சதமாக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ரயில், தபால் கட்டணங்கள் கூடின. வாரத்துக்குப் பத்துக் கொத்து வாங்குகிற ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டரை ரூபாவில் முடிந்த அரிசிச் செலவு ஒரே வாரத்தில் ஏழு ரூபாவானது. கூலி அதே கூலி.

ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. கடைகள் பூட்டப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, அவசரகாலச் சட்டம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. தன் சனங்களுக்குப் பயந்து கப்பலில் ஏறிய அரசாங்கம் அது. அந்த ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பின்னால் வந்த சேர் ஜோன் கொத்தலாவல அரிசி விலையை 55 சதத்துக்கு இறக்கினார். அன்றிலிருந்து கூப்பன் அரிசியில் கைவைப்பதென்றால் எந்தக் கட்சிக்கும் கை நடுங்கியது. 1962இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் நிதியமைச்சர் பதவியை விட்டுப் போகவேண்டி வந்தது.

தமிழர்களாகிய எங்களுக்கு என்.எம்.மின் கதையில் கசப்பும் உண்டு. சிங்களமும் தமிழும் சம அந்தஸ்தில் இருக்கவேண்டும் என்று 1955இல் கொழும்பில் கூட்டம் கூட்டி, கல்லெறியும் வாங்கிய கட்சி அவருடையது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த கட்சி. அதே கட்சி 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்து என்.எம். நிதியமைச்சரானார். 1966 ஜனவரியில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் அந்தக் கட்சியும் இருந்தது. 1972 அரசியலமைப்பு வந்தபோது அவர் அமைச்சரவையில் இருந்தார்.

1966இல் டட்லி அரசாங்கம் வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த கூப்பன் அரிசியை ஒரு கொத்தாக்கி, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம் என்றுதான் 1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சு மறுபடியும் என்.எம்.மிடம் வந்தது. இரண்டாவது கொத்தும் வந்தது, ஆனால் காசுக்கு. அந்த ஒக்டோபரில் 50 ரூபா, 100 ரூபா நோட்டுகள் செல்லாமலாகின. கறுப்புப் பணத்தைப் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. வங்கிப் பக்கமே போகாமல் பெட்டகத்தில் சீதனக் காசு சேர்த்த வீடுகளும் அதில் அலைந்தன. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்கப் போகிறவரிடம் 25 சதம் கேட்டார்கள். பருப்பு மாத்தையாவின் வரவு செலவுத் திட்டத்தில் அந்த 25 சதம் இருந்ததை என்னால் இன்றைக்கும் லேசாகக் கடக்க முடியவில்லை.

1973இல் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் எண்ணெயும் ஒன்றாக விலையேறின. தேயிலை விற்றுவந்த காசு அவற்றை வாங்கப் போதவில்லை. இலவச அரிசி அரைக் கொத்தாகக் குறைந்தது. சீனிப் பங்கீடு குறைந்தது, கோதுமை மா விலை கூடியது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோனால் வீதித்தடையில் பறித்தார்கள்.

இந்த வருடங்களைப் பற்றி கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே இரண்டு கதை உண்டு. என் அம்மம்மா வலிகாமத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்த குடும்பத்துப் பெண். செலாவணி இல்லாமல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் உள்ளூர் மிளகாய்க்கு அவர்கள் கண்டிராத விலை வந்தது. கல்வீடு எழும்பியதும், கிணற்றுக்கு நீரிறைக்கும் மெசின் வந்ததும், இரண்டு மாமிமாருக்குக் கலியாணம் நடந்ததும் அந்தக் காசில்தான். அதே காலத்தில் தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசல் மாமாவுக்கு மூடப்பட்டதையும் அம்மம்மா சேர்த்தே சொல்லுவா. என்.எம்.மின் பெயர் வந்தால் அவவுக்கு முதலில் ஞாபகம் வருவது செத்தல் மிளகாய் மூட்டைதான்.

மூன்று வளவு தள்ளியிருக்கிற ஐயா அப்போது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னப் பையன். அவருக்கு ஞாபகமிருப்பது லயத்தில் அடுத்தடுத்து விழுந்த சாவுகள். முதலில் கைக்குழந்தைகள், பிறகு கிழவர்கள். கிராமத்தில் இருந்தவனுக்குப் பலாமரமோ ஒரு துண்டு மரவள்ளியோ இருந்தது. லயத்தில் இருந்தவனுக்கு வாசற்படிக்கு வெளியே நிலமே இல்லை, சுற்றிவர இருந்தது கம்பனித் தேயிலை. ரொட்டிக்கு மா வேண்டும், மாவின் விலை கூடிவிட்டது, வேலை நாட்களும் குறைந்துவிட்டன. தோட்டங்களில் இறப்பு வீதம் அந்த வருடங்களில் ஏறியது அரசாங்கப் புள்ளிவிபரங்களிலேயே பதிவாகியிருக்கிறது. ஐயாவின் குடும்பம் எழுபதுகளிலேயே வன்னிக்கு நடந்துவந்து காடு வெட்டிக் குடியேறியது. அவருக்கு என்.எம். என்றால் பட்டினி.

இரண்டும் ஒரே அமைச்சரின் கணக்குத்தான். நிலமும் கிணறும் இருந்த வீடு அந்த நெருக்கடியில் ஏறியது, கூலியை மட்டும் நம்பியிருந்த வீடு சரிந்தது. இன்னொன்றையும் நான் சேர்த்துப் பார்ப்பேன். 1953இல் வெட்டு விழுந்தவர்களின் கையில் வாக்கு இருந்தது, அதனால் ஒரு பிரதமரே போனார். 1974இல் லயத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு வாக்கே இல்லை, யாரும் பதவி விலகவில்லை. தன்னுடைய யட்டியாந்தோட்டைத் தொகுதியிலும் தோட்டங்களை வைத்திருந்த என்.எம்.முக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. கையில் டொலர் இல்லாத நிதியமைச்சருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எதையாவது வெட்டத்தான் வேண்டியிருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். யாருடைய தட்டிலிருந்து முதலில் எடுப்பது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

1975 ஓகஸ்டில் நடந்த ஹர்த்தால் நினைவுக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு பிரதமருக்குப் பிடிக்கவில்லை. தோட்டங்களைத் தேசியமயமாக்கும் விடயத்திலும் இழுபறி இருந்தது. செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. யட்டியாந்தோட்டையில் என்.எம்.மும் தோற்றார். மிஞ்சிய இரண்டு வருடங்களில் ஜே.ஆரின் புதிய அரசியலமைப்பை விமர்சித்து எழுதினார். கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபைக்கும் தலைமை வகித்தார். மனிதருக்கு அந்த விளையாட்டில் அவ்வளவு பிரியம்.

1953இல் கூப்பன் அரிசியைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட ஜே.ஆர். இந்த முறை ஆறுதலாகச் செய்தார். 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த வீடுகளுக்கு மட்டும் கூப்பன் என்றாக்கினார். என்.எம். 1979 ஓகஸ்ட் 14இல் காலமானார். அடுத்த மாதம் கூப்பன் அரிசியே போய் உணவு முத்திரை வந்தது. கூப்பனில் அளவு எழுதியிருந்தது, முத்திரையில் ரூபா எழுதியிருந்தது. வெளியே என்ன விலை விற்றாலும் அரைக் கொத்து அரைக் கொத்தாகவே சங்கக்கடையில் கிடைத்தது. முத்திரையின் ரூபாவோ அசையாமல் நிற்க, சந்தையில் அரிசி விலை ஏறியபடி போனது. இன்று அஸ்வெசும வங்கிக்கு வருவதும் ரூபாவில்தான்.