இரண்டு வார்த்தையை மாத்தினவர்

அயர்லாந்து: அரசு நெறிமுறைக் கோட்பாடுகள். கனடா: வலுவான மத்திய அரசு. டிஎன்பிஎஸ்சி படிக்கிற எல்லாருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். ஆனா அந்தந்த நாட்டுச் சட்டங்களைப் படிச்சு, நமக்கு எது ஒத்துவரும்னு தேடினது யாரு? அம்பேத்கருக்கு அடுத்து தெரிஞ்சுக்க வேண்டிய பெயர் பி.என். ராவ்.

1887-ல மங்களூர்ல பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் கேம்பிரிட்ஜிலயும் படிச்சு ஐ.சி.எஸ். அதிகாரியானார், கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாவும் இருந்தார். 1946-ல அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகர். சபையில உறுப்பினர் இல்லை, ஓட்டும் கிடையாது. ஆனாலும் 1947 அக்டோபர்ல முதல் வரைவை எழுதிக் கொடுத்தது அவர்தான். அதை வச்சுத்தான் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு வேலையைத் தொடங்கியது. பர்மாவோட 1947 அரசியலமைப்புக்கும் உதவியிருக்கார்.

வரைவு முடிஞ்ச கையோட அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, இங்கிலாந்துன்னு கிளம்பினார். ஒருத்தரோட சுதந்திரத்தைப் பறிக்கணும்னா 'டியூ பிராசஸ்' வேணும்ங்கிறது அமெரிக்க விதி. அதாவது, சட்டமே நியாயமானதான்னு நீதிபதி கேட்கலாம். நம்ம சபையும் முதல்ல இதைத்தான் ஏத்துக்கிட்டது. ஆனா இதே விதியை வச்சு அங்க நீதிமன்றங்கள் தொழிலாளர் நலச் சட்டங்களை ரத்து பண்ணியிருந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரும் இது வேண்டாம்னு ஆலோசனை சொன்னார். திரும்பி வந்த ராவ், அந்த வார்த்தைகளை எடுக்கச் சொன்னார். பதிலா வந்தது, ஜப்பான் அரசியலமைப்பை ஒட்டிய 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை'. அதுதான் நம்ம 21-வது பிரிவு.

விலை சீக்கிரமே தெரிஞ்சது. சென்னை மாநிலச் சிறையில விசாரணை இல்லாம அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950-ல உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் இருக்கு, நடைமுறை இருக்கு, அது போதும்னு அவர் மனு தள்ளுபடி ஆச்சு.

1953-ல சர்வதேச நீதிமன்ற நீதிபதியா இருந்தப்பவே ராவ் ஜூரிச்ல காலமானார். 25 வருஷம் கழிச்சு, 1978-ல, மேனகா காந்தி வழக்கில, அந்த நடைமுறை நியாயமானதாவும் இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. ராவ் எடுத்த வார்த்தைகள் திரும்ப வரலை, அர்த்தம் வந்துடுச்சு.

ராவ் கண்ணை மூடிக்கிட்டு காப்பி அடிக்கலை. ஏழைகளுக்கான சட்டங்கள் கோர்ட்டுல சிக்கிடக் கூடாதுன்னு நினைச்சார். அந்தக் கவலை நியாயம்தான். ஆனா கோபாலன் உள்ளேயே இருந்தார். இன்னைக்கு தா.பழூர்ல ஒருத்தரைப் பிடிச்சு அடைச்சாலும், சட்டம் இருக்குன்னு மட்டும் சொல்லி அரசு தப்பிக்க முடியாது. அந்த நிலைமைக்கு வர நமக்கு 28 வருஷம் ஆச்சு.