சங்கீத வாத்தியார் கண்ட கிரகம்

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர் உண்டு. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது. 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களும் பணக்காரர்களும் அங்கே வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். காலையில் ஊற்றுக்குப் போவார்கள். மாலையில் கச்சேரியும் நடனமும். சங்கீதம் தெரிந்தவனுக்கு அந்த ஊரில் பிழைப்புக்குப் பஞ்சமே இல்லை.

அந்த ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற சங்கீத வாத்தியார் இருந்தார். எண்கோண வடிவத்தில் கட்டப்பட்ட தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிப்பது அவர் உத்தியோகம். சீமாட்டிகளின் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கச்சேரிகளை நடத்தினார், சொந்தமாக இசை அமைத்தார். வாரத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் நடத்திய காலமும் உண்டு. நல்ல வரும்படி, ஊரில் நல்ல பெயர். இனி என்ன வேண்டும் என்று எவனும் ஓய்ந்து உட்காரும் நிலை.

ஹெர்ஷல் உட்காரவில்லை. 34 வயதில் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. நட்சத்திரப் பித்து!

சிப்பாய்களின் வாத்தியக்காரர்

ஹெர்ஷல் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ஹனோவர் நகரில் 1738 நவம்பர் 15-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ஐசக், ஹனோவர் காவற்படையின் பாண்டு கோஷ்டியில் வாத்தியம் வாசித்தவர். மகனும் சிறுவயதிலேயே அதே கோஷ்டியில் சேர்ந்துவிட்டான். அக்காலத்தில் இங்கிலாந்து மன்னரே ஹனோவருக்கும் அதிபதி.

1757-இல் பிரெஞ்சுக்காரர்களுடன் யுத்தம் மூண்டது. ஹஸ்டன்பெக் என்ற இடத்தில் ஹனோவர் படை தோற்றது. பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே வாத்தியக்காரனுக்கு என்ன வேலை? பிள்ளையைத் தப்பிக்க வைத்துவிடுவதே மேல் என்று தகப்பனார் தீர்மானித்தார். அவ்வருஷக் கடைசியில் வில்லியமும் அண்ணன் யாக்கோபும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். அப்போது வில்லியமுக்கு 19 வயது.

லண்டனில் ஸ்வரத் தாள்களைப் பார்த்து எழுதிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார். பிறகு வட இங்கிலாந்தில் ஊர் ஊராக அலைந்தார். 1766-இல்தான் பாத் நகரில் நிலையான வேலை கிடைத்தது.

அடுப்படியிலிருந்து வந்த தங்கை

ஹனோவரில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், பெயர் கரோலின். அவரைவிட 11 வயது இளையவள். பத்து வயதில் வந்த விஷ ஜுரத்தால் அவள் வளர்ச்சி நின்றுபோயிற்று. கடைசிவரை அவள் உயரம் 4 அடி 3 அங்குலந்தான். இவளுக்குக் கல்யாணம் நடக்கப்போவதில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தாயார் அவளை வீட்டு வேலைக்காரியாகவே வைத்துக்கொண்டாள். தகப்பனார் மட்டும் ஒளித்து மறைத்துக் கொஞ்சம் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். அவரும் 1767-இல் காலமானார்.

1772-இல் வில்லியம் ஊருக்குப் போனார். தங்கையைத் தம்முடன் அனுப்பும்படி கேட்டார். தாயார் இலேசில் சம்மதிக்கவில்லை. வீட்டு வேலையை யார் செய்வது? பதிலுக்கு ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள வருஷந்தோறும் பணம் அனுப்புவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகே கரோலினுக்கு விடுதலை கிடைத்தது.

பாத் நகரில் அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். குரல் வளம் இருந்தது; உழைப்பும் இருந்தது. சில வருஷங்களில் அவள் மேடையேறிப் பிரதான பாடகியாகவே பாடினாள். 1778-இல் வெளியூரிலிருந்தும் அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தும் கச்சேரியில் தவிர வேறெங்கும் பாடுவதில்லை என்று அதை மறுத்துவிட்டாள். ஆனால் அண்ணனுடைய மனமோ அதற்குள் கச்சேரி மேடையைவிட்டு வெகு தூரம் போய்விட்டது.

வீடா, பட்டறையா?

சங்கீத சாஸ்திர நூல் ஒன்றைப் படித்த ஹெர்ஷல், அதே ஆசிரியர் ஒளியைப் பற்றி எழுதிய நூலையும் வாங்கிப் படித்தார். அதில் தொலைநோக்கி செய்யும் விதம் விளக்கப்பட்டிருந்தது. 1773-இல் வான சாஸ்திரப் புத்தகம் ஒன்றும் வாங்கினார். படித்ததைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை பற்றிக்கொண்டது.

முதலில் ஒரு சிறு தொலைநோக்கியை வாடகைக்கு எடுத்தார். அது போதவில்லை. பெரிய கண்ணாடிக்கு விலை கேட்டு லண்டனுக்கு எழுதினார். அவர்கள் சொன்ன விலை கட்டுபடியாகவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார்.

அக்காலத்துப் பிரதிபலிப்புத் தொலைநோக்கியில் உள்ள கண்ணாடி, உண்மையில் கண்ணாடியே அல்ல. செம்பையும் தகரத்தையும் உருக்கி வார்த்த உலோகத் தட்டு. அதைக் குழிவாகத் தேய்த்து, முகம் தெரியும்படி மெருகேற்றவேண்டும். குழிவு மயிரிழை பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது, பூசினாற்போல் தெரியும். தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் சேரும். மங்கலான நட்சத்திரங்களும் அகப்படும்.

இந்தப் பொழுதுபோக்கைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து பழைய கருவிகளை ஹெர்ஷல் விலைக்கு வாங்கினார். வீடு பட்டறையாயிற்று. விருந்தினர் அமரும் கூடத்தில் தச்சன் குழாய் செய்தான். படுக்கை அறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் யந்திரத்தை நிறுத்தினார். கச்சேரி முடிந்ததும் உடை மாற்றக்கூட ஹெர்ஷலுக்குப் பொறுமை இல்லை. சரிகைப் பின்னல் வைத்த சட்டைக் கைகளில் கீல் ஒட்டிக்கொள்ளும். கருவியில் மாட்டிக் கிழியும். அதை யார் பார்த்தார்கள்!

மெருகேற்றும்போது நடுவில் கையை எடுத்தால் வேலை கெட்டுவிடும். ஒரு சமயம் 16 மணி நேரம் தொடர்ந்து கையை எடுக்காமல் தேய்த்தார். கரோலின் பக்கத்தில் நின்று குழந்தைக்கு ஊட்டுவதுபோல் அவருக்குச் சோறு ஊட்டினாள். அலுப்புத் தெரியாமலிருக்க அராபியக் கதைகளும் டான் குவிக்ஸாட் கதையும் படித்துக் காட்டினாள்.

தோட்டத்தில் ஒரு புதுமை

நியூ கிங் தெருவில் 19-ஆம் எண் வீட்டில் அவர்கள் அப்போது குடியிருந்தார்கள். பின்புறம் ஒரு சிறு தோட்டம். 1781 மார்ச் 13-ந் தேதி இரவு, தாமே செய்த 7 அடித் தொலைநோக்கியை அங்கே நிறுத்தி ஹெர்ஷல் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உலோகக் கண்ணாடி ஆறங்குலத்துக்குச் சற்றே அதிக அகலம். ரிஷப ராசிக்கும் மிதுன ராசிக்கும் இடையே ஒரு பொருள் கண்ணில் பட்டது. அது நட்சத்திரத்தைப் போல் இல்லை.

உருப்பெருக்கும் சக்தியைக் கூட்டிப் பார்த்தார். நட்சத்திரமானால் எவ்வளவு கூட்டினாலும் புள்ளிதான். இதுவோ கூட்டக் கூட்டப் பெரிதாகியது! நாலு நாள் கழித்துப் பார்த்தார். இடம் பெயர்ந்திருந்தது. வால்நட்சத்திரம் என்று எண்ணி அறிவித்தார்.

ஐரோப்பாவின் வான சாஸ்திரிகள் அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். வால்நட்சத்திரம் அல்ல, சூரியனைச் சுற்றும் கிரகம் என்று தெரிந்தது. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்று ஆதிகாலம் முதல் மனிதன் எண்ணிவந்த பட்டியலில் முதல் முறையாக ஒன்று கூடியது. சனிக் கிரகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் அது இருந்தது. சூரிய மண்டலமே ஒரே இரவில் இரு மடங்காகிவிட்டது!

இதற்கு முன் அது யார் கண்ணிலும் படவில்லையா? பட்டது. இங்கிலாந்தின் அரசாங்க வான சாஸ்திரி பிளாம்ஸ்டீட் 1690-இலேயே அதைப் பார்த்து, நட்சத்திரம் என்றே குறித்து வைத்திருந்தார். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது ஹெர்ஷல் வீட்டில் தேய்த்த தட்டு.

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரையே ஹெர்ஷல் அதற்குச் சூட்டினார். மற்ற நாட்டார் ஏற்கவில்லை. ஜெர்மன் சாஸ்திரி போடே சொன்ன யுரேனஸ் என்ற பெயரே நிலைத்தது.

உருகி ஓடிய உலோகம்

அதே வருஷம் ஆகஸ்டில் ஹெர்ஷல் மூன்றடி அகலக் கண்ணாடி வார்க்க முயன்றார். அவ்வளவு பெரிய தட்டை வார்த்துத் தருபவர் எவரும் இல்லை. வீட்டின் கீழ்த்தளத்திலேயே உலை கட்டினார். அச்சுக்குக் குதிரைச் சாணி கலந்த மண் வேண்டும். கரோலின் அதை உரலில் இடித்துச் சல்லடையில் சலித்தாள். மேடையில் பாடி எல்லோரிடமும் பாராட்டுப் பெற்றவள்தான்!

முதலில் வார்த்த தட்டு ஆறும்போது வெடித்தது. இரண்டாம் முறை உலையே கசிந்தது. ஏறத்தாழ 500 ராத்தல் உலோகக் குழம்பு தரையில் ஓடியது. சூடு தாங்காமல் தரைக் கற்கள் வெடித்துச் சிதறின. இருந்தவர்கள் உயிர் தப்பி ஓடினார்கள். ஹெர்ஷல் செங்கற் குவியலின்மேல் களைத்து விழுந்தார். உயிர்ச்சேதம் இல்லை; ஆனால் அந்த ஆசையை அப்போதைக்கு விட்டுவிட வேண்டியதாயிற்று.

குறைந்த சம்பளம், நிறைந்த மனம்

1782-இல் மன்னர் அவருக்கு வருஷம் 200 பவுன் மானியம் அளித்தார். வானத்தைப் பார்ப்பதும், வேண்டும்போது அரச குடும்பத்துக்குக் காட்டுவதுமே வேலை. சங்கீதத்தில் அதைவிட மிக அதிகமாகச் சம்பாதித்தவர் ஹெர்ஷல். இருந்தும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். அவ்வருஷமே பாத் நகரில் அண்ணனும் தங்கையும் கடைசி முறையாகக் கச்சேரி செய்தார்கள்.

அண்ணனுக்கு அது விருப்பம். தங்கைக்கு? பத்து வருஷம் பாடுபட்டுக் கற்ற வித்தை பாதியில் நின்றது. விண்ட்ஸர் அரண்மனைக்கு அருகே ஒரு பாழடைந்த வீட்டில் அவள் மறுபடியும் புதுத் தொழில் பழகத் தொடங்கினாள்.

மானியம் போதாமல் ஹெர்ஷல் தொலைநோக்கிகள் செய்து விற்றார். ஸ்பெயின் மன்னர் உட்படப் பலர் வாங்கினார்கள். இரவில் அவர் ஏணியின் உச்சியில் நின்று கண்டதைக் கூவிச் சொல்வார். கீழே கரோலின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்துடன் எழுதிக்கொள்வாள். குளிரில் மை உறைந்துபோவதுண்டு. 1783 டிசம்பர் 31-ந் தேதி இரவு பனியில் சறுக்கி விழுந்து, கருவியின் இரும்புக் கொக்கி அவள் காலில் ஆழமாகக் குத்தியது. அன்று மீதி இரவு மேகம் மூடியிருந்ததால் அண்ணன் வேலை கெடவில்லை என்பதே அவளுக்கு ஆறுதல்!

இப்படி எழுதிய கணக்குகளிலிருந்து, 2,500 வான்முகில்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் ஹெர்ஷல் பட்டியலிட்டார். கரோலினும் தனியே வானத்தைத் துழாவி எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டாள். முதலாவது 1786-இல். மறு வருஷம் மன்னர் அவளுக்கு வருஷம் 50 பவுன் அளித்தார். இங்கிலாந்தில் விஞ்ஞானப் பணிக்காகச் சம்பளம் பெற்ற முதல் பெண் அவள்தான். அவள் வாழ்நாளில் முதன்முதலாகத் தன் சொந்தப் பணம் என்று சொல்லிக்கொண்டது அதுவே.

1788-இல் ஹெர்ஷல் விவாகம் செய்துகொண்டார். கரோலின் வேறு இடத்தில் குடியேறினாள். அந்தக் காலத்து நாட்குறிப்புகளை அவளே பின்னால் அழித்துவிட்டாள். ஆனால் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை.

நாற்பதடிக் குழாய்

ஸ்லௌ என்ற ஊரில் 40 அடி நீளக் குழாயும் 4 அடி அகலக் கண்ணாடியும் கொண்ட ராட்சதத் தொலைநோக்கியை ஹெர்ஷல் 1789-இல் கட்டி முடித்தார். மன்னர் 4,000 பவுன் உதவினார். கண்ணாடி பொருத்துவதற்கு முன் மன்னரே குழாய்க்குள் நடந்து பார்த்தார். அவ்வருஷமே சனிக் கிரகத்துக்கு இரண்டு புதிய சந்திரர்களை ஹெர்ஷல் கண்டறிந்தார். ஆயினும் அது திருப்புவதற்குக் கஷ்டமான கருவி. ஈரத்தில் மெருகு மங்கிவிடும். அதிக வேலை கொடுத்தது சிறிய 20 அடிக் கருவிதான்.

கைவேலையில் அவருக்கு இருந்த ஆவல் வயதாகியும் குறையவில்லை. 1800-இல் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் உஷ்ணம் அதிகமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் இப்படித்தான் அகப்பட்டன. அவர் சொன்ன யாவும் சரியாகிவிடவில்லை. சூரியனில் ஜீவராசிகள் வசிக்கக்கூடும் என்றும் நம்பினார்.

1822 ஆகஸ்ட் 25-ந் தேதி ஹெர்ஷல் காலமானார். கரோலின் ஹனோவருக்குத் திரும்பினாள். அண்ணன் கண்ட வான்முகில்களையெல்லாம் வரிசைப்படுத்தி, அவர் மகன் ஜானுக்கு அனுப்பினாள். அதற்காக 1828-இல் லண்டன் வான சாஸ்திர சங்கம் அவளுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1848-இல் 97-ஆம் வயதில் அவள் மறைந்தாள். பாத் நகரத்து வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது.

யுரேனஸ் சூரியனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 84 ஆண்டுகள் ஆகின்றன. ஹெர்ஷல் வாழ்ந்தது 84-க்கு மூன்று மாதம் குறைவு. தாம் கண்ட கிரகத்துக்கு ஒரு சுற்று எவ்வளவோ, அவ்வளவே அவருக்கு ஆயுள்.